தாலாட்டுப் பாடல் படப்பிடிப்பில் ஏழு மாதக் குழந்தை: ஒரு நாளின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தஞ்சாவூருக்கும் திருவையாற்றுக்கும் இடைப்பட்ட பகுதியில், குடமுருட்டி ஆற்றின் கரையை ஒட்டிய ஒரு கிராமத்தில் இந்நிகழ்வு நடந்தது. யூடியூபில் வெளியிடுவதற்காக ஒரு தாலாட்டுப் பாடலைப் படமாக்க விரும்பிய சிறிய தயாரிப்புக் குழு ஒன்று, திண்ணையும் ரேழியும் முற்றமும் மாறாமல் இருக்கும் பழைய ஓட்டு வீடு ஒன்றைத் தேடி அவ்வூருக்கு வந்தது. செலவில் ஒரு பகுதியைக் கும்பகோணத்தில் உள்ள ஒரு ஜவுளிக்கடை ஏற்றிருந்தது. வீட்டைப் பார்க்க வந்தவர்கள் அங்கே தூளியில் கிடந்த பெண் குழந்தையைக் கண்டு, வெளியிலிருந்து வேறு குழந்தையை அழைத்து வருவதைக் காட்டிலும் தன் வீட்டிலேயே இருக்கும் இக்குழந்தையை நடிக்க வைக்கலாமே என்று கேட்டார்கள். குழந்தையின் தந்தை வெளிநாட்டில் வேலை செய்கிறார். வீட்டில் தாயும், மாமியாரும், மாமனாரும் இருந்தார்கள். மாமியாருக்கு மகிழ்ச்சி. தாய்க்கு விருப்பமும் தயக்கமும் சம அளவில் இருந்தன.

நான் அப்பகுதியில் நெடுங்காலம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கருவுற்ற காலத்திலிருந்தே என்னை அறிந்த அத்தாய், படப்பிடிப்பு நாளில் தன்னுடன் இருக்க முடியுமா என்று கேட்டார். தயாரிப்புக் குழு எனக்கு ஊதியம் தர முன்வந்தது. அதை நான் ஏற்கவில்லை. குழந்தையின் சார்பில் ஒருவர் அங்கே நிற்க வேண்டுமானால், படத்தை முடிக்க வேண்டியவர்களிடமிருந்து அவர் பணம் பெறாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. தாயின் ஒப்புதலோடு, அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்து இதை எழுதுகிறேன்.

படப்பிடிப்புக்கு முன் நடந்தவை

முதலில் குறிக்கப்பட்ட நாள் வைகாசி மாதத்தில், கோடை வெயில் தணியாத நேரத்தில் இருந்தது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி இருக்கிறதா என்று தாய் கேட்டபோது, பாடல் காணொளிக்கு அதெல்லாம் வேண்டியதில்லை என்றே குழுவினர் நம்பியிருந்தது தெரிந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபோது, 14 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒலி-ஒளி பொழுதுபோக்குத் துறையில் கலைஞர்களாகப் பங்கேற்பதற்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு அளிக்கப்பட்டது. அந்த நிபந்தனைகளை 2017-ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்அனுமதி பெற வேண்டும். பெற்றோரின் சம்மதத்தையும், குழந்தையின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்பவரின் பெயரையும் உறுதிமொழியோடு கொடுக்க வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேலும், ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேலும் குழந்தையைப் பயன்படுத்தக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் நிரந்தர வைப்பாக இட வேண்டும். குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக எதிலும் ஈடுபடுத்தக் கூடாது. வாய் பேசாத குழந்தையின் விருப்பத்தை எப்படி அறிவது என்ற கேள்விதான் இந்த நாள் முழுவதும் எங்கள் முன் நின்றது.

தயாரிப்பாளர் இதைக் கேட்டுச் சினம் கொள்ளவில்லை. விண்ணப்பித்தார், அனுமதி வரும் வரை நாளைத் தள்ளிவைத்தார். படப்பிடிப்பு ஆடிக்கு நகர்ந்தது. இதனால் வெயிலின் கடுமை குறைந்தது, மேட்டூர் அணை திறந்து ஆற்றில் தண்ணீரும் வந்திருந்தது. ஓடும் ஆற்றைக் கண்டதும் இயக்குநர் படித்துறையில் ஒரு காட்சியைப் புதிதாகச் சேர்த்தார். அது பிற்பகலில் சிக்கலாக முளைத்தது.

குழந்தைக்கு அப்போது ஏழு மாதம் முடிந்திருந்தது. பிறந்ததும் போட வேண்டிய தடுப்பூசிகளும், 6, 10, 14 ஆவது வாரத் தடுப்பூசிகளும் போடப்பட்டிருந்தன. ஒன்பதாம் மாதம் முடிந்த பிறகே போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி இன்னும் போடப்படவில்லை. தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்பாற்றல் குறைந்து, ஊசியின் பாதுகாப்பும் தொடங்காத இடைவெளி இது. வேடிக்கை பார்க்கத் தெருப் பிள்ளைகள் கூடும் இடத்துக்கு இக்குழந்தையைக் கொண்டுவருவதில் எனக்கு இருந்த முதல் கவலை இதுவே. ஆகவே கூட்டம் வாசல் திண்ணையோடு நிற்க வேண்டும் என்றும், சளி, இருமல், காய்ச்சல், உடலில் தடிப்பு உள்ள எவரும் முற்றத்துக்குள் வரக் கூடாது என்றும் முன்கூட்டியே சொல்லிவைத்தோம். விளக்கு அமைப்பவர்களில் ஒருவர் இருமிக்கொண்டிருந்தார்; அவர் தாமாகவே ஜெனரேட்டர் பக்கம் வேலையை மாற்றிக்கொண்டார்.

ஒப்பந்தத்தில் தாய் தம் கையால் சேர்த்த வரிகள் மூன்று. குழந்தையின் பெயரும் ஊரின் பெயரும் காணொளியில் வரக் கூடாது. கடையின் விளம்பரப் பலகைக்குக் குழந்தையின் படத்தைப் பயன்படுத்தக் கூடாது. தாயோ செவிலியரோ ‘போதும்’ என்றால் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும். மூன்றாவது வரியைச் சேர்க்கும்படி சொன்னது நான். காவிரிப் பாசனப் பகுதியின் கிராமத்து வீடுகளில், வீட்டுக்கு வந்தவர்களை முகம் வாட அனுப்பக் கூடாது என்று வளர்ந்த ஒரு மருமகள், மாமியார் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தன்னை ‘அக்கா’ என்று மரியாதையாக அழைக்கும் இருபது பேர் முன்னிலையில் ‘முடியாது’ என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு வேண்டிய இடத்தை அவள் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. முன்பே ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.

காலைப் பொழுது: தாயாக நடித்தவரும் குழந்தையும்

பாடலில் தாயாக வருபவர் ஒரு நடிகை. அவர் குழந்தையை முதன்முதலாகப் பார்த்ததே அன்று காலைதான். ஏழு மாத அளவில் குழந்தைகள் தெரிந்த முகத்தையும் தெரியாத முகத்தையும் பிரித்தறியத் தொடங்குகின்றன. அதுவரை எவர் கைக்கும் தாவிய குழந்தை அப்போது புதியவரைக் கண்டு உதடு பிதுக்குவது வளர்ச்சியின் இயல்பான கட்டம். நடிகை கையை நீட்டியதும் குழந்தை தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. உதவி இயக்குநர் குழந்தையை வாங்கி நடிகையின் மடியில் வைத்துவிட்டுத் தாயை அறைக்குள் போகச் சொன்னார். தாய் கண்ணில் படாவிட்டால் பழகிவிடும் என்பது அவர் எண்ணம். குழந்தை உரத்து அழுதது. தாய் உடனே திரும்பி வந்து தூக்கிக்கொண்டார்.

இங்கே எடுத்த முடிவு அந்த நாளின் போக்கையே மாற்றியது. தாய் முந்தின நாள் உடுத்திக் களைந்த நூல் புடவையை நடிகைக்கு உடுத்தலாம் என்று நான் சொன்னேன். பால் குடிக்கும் குழந்தைக்குத் தாயின் மணம் முகத்துக்கு இணையான அடையாளம். உடை பொறுப்பாளர் தயங்கினார். பாடலுக்கென்று கடையிலிருந்து வந்த பட்டுப் புடவை வேறு, இது சாயம் போன புடவை. ஒளிப்பதிவாளர்தான், முற்றத்து வெளிச்சத்தில் நூல் புடவையே கண்ணுக்கு இதமாக இருக்கும் என்று கூறி அவரை ஒப்புக்கொள்ள வைத்தார். பிறகு கேமராவை இயக்காமல், தாயும் நடிகையும் குழந்தையும் தாழ்வாரத்தில் பாய் விரித்து அமர்ந்தார்கள். குழந்தை தாயின் மடியில் இருக்க, நடிகை அருகில் அமர்ந்து ஒரு மரச் சொப்பைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார். குழந்தையைப் பார்க்கக்கூட இல்லை. சிறிது நேரத்தில் குழந்தையே கையை நீட்டிச் சொப்பைக் கேட்டது. அதன் பிறகு நடிகையின் முந்தானையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது.

அப்போதும் தாய் அறைக்குள் போகவில்லை. கேமராவுக்குப் பின்னால், குழந்தையின் பார்வைக்கு நேராக அமர்ந்தார். குழந்தை சிரித்த காட்சிகள் அனைத்தும் தாயைப் பார்த்துச் சிரித்தவை. தாயை மறைத்தால் குழந்தை நடிப்பவரோடு ஒட்டிவிடும் என்ற எண்ணம் படப்பிடிப்புத் தளங்களில் பரவலாக இருக்கிறது. இவ்வயதில் அது நேர்மாறாகவே வேலை செய்கிறது.

இந்த வயதுக் குழந்தை ஒரு தூக்கத்துக்கும் அடுத்த தூக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மணி நேரம் விழித்திருக்கும். அந்த இடைவெளியில் பால் குடித்து, துணி மாற்றி, களைப்புத் தொடங்கும் முன் கிடைக்கும் நேரமே குழந்தை மலர்ந்திருக்கும் நேரம். அது சில சமயம் ஒரு மணியைக்கூட எட்டுவதில்லை. கண்ணைக் கசக்குவது, காதைப் பிடித்து இழுப்பது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, முதுகை வளைத்து நெளிவது ஆகியவை ‘போதும்’ என்று குழந்தை சொல்லும் முறைகள். கைவிரலை வாயில் திணித்துச் சப்புவது பசி. அழுகை இவற்றுக்கெல்லாம் கடைசியாக வருவது. இந்தக் குறிகளை உதவி இயக்குநரிடம் காலையிலேயே சொல்லியிருந்தோம். ஒருமுறை குழந்தை காதை இழுத்ததை எனக்கு முன்பே அவர் கவனித்து, ‘அக்கா, பாப்பாவுக்குத் தூக்கம் வருது போலிருக்கு’ என்று விளக்குகளை அணைக்கச் சொன்னார். காலையில் தாயை அறைக்குள் போகச் சொன்னவர் அவரே. கண்டிப்பு செய்யாததைச் சொல்லிக்கொடுத்தல் செய்தது.

கண்மை, புகை, பால் புட்டி, தூளி

ஒப்பனைக்காரர் கண்மை எழுத வந்தபோது தாய் மறுத்தார். கடைகளில் கிடைக்கும் சில மைகளில் ஈயம் கலந்திருப்பது பல ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது. மேலும் விரல் நகத்தாலும் அழுக்காலும் கண்ணில் தொற்று ஏற்படும். கண்ணில் எழுதாமல், பாட்டி வழக்கம்போல் கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தார். திரையில் அதுவே போதுமானதாக இருந்தது. தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதல்களிலும், சிறு குழந்தைகளை உறுத்தும் ஒப்பனைப் பொருள்களுக்கோ ஊறு செய்யும் விளக்கொளிக்கோ உட்படுத்தக் கூடாது என்ற கருத்து உண்டு. மூன்று மாதம் நிறையாத குழந்தையைத் தாய்ப்பால், தடுப்பூசி போன்ற விழிப்புணர்வுக்குத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தலாகாது என்றும் அவ்வரைவு கூறியது.

குளித்த குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவது பாடலின் முக்கியமான காட்சி. இயக்குநர் அடர்ந்த புகையை விரும்பினார். சாம்பிராணிப் புகை குழந்தையின் மூச்சுக்குழலை உறுத்தும், இழுப்பு வரும் குழந்தைகளுக்கு அது தீங்கு என்று நான் வீடு வீடாகச் சொல்லிவந்தவள். அதே காட்சி இலட்சக்கணக்கானோர் பார்க்கும்படி வெளிவருவது எனக்கு உடன்பாடாக இல்லை. காட்சியையே நீக்க வேண்டும் என்று கேட்டேன், இயக்குநர் இணங்கவில்லை. கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, குழந்தை இருக்கும் காட்சியைப் புகையில்லாமல் முதலில் எடுத்து, குழந்தையை வீட்டின் மறுகோடிக்கு அழைத்துச் சென்ற பின் அதே இடத்தில் தூபக்காலை மட்டும் வைத்து எடுத்து, படத்தொகுப்பில் இரண்டையும் சேர்ப்பது என்ற முடிவுக்கு வந்தோம். இக்குழந்தை புகையிலிருந்து காக்கப்பட்டது. பார்க்கும் தாய்மாருக்கு அந்தக் காட்சி சொல்லும் செய்தி மாறவில்லை; அந்த மனக்குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

கலை அமைப்பாளர் தூளியின் அருகே ஒரு பால் புட்டியை வைத்திருந்தார். பால் புட்டிக்கும், தாய்ப்பாலுக்கு மாற்றான பால் பொருள்களுக்கும், இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுகளுக்கும் விளம்பரம் செய்வதை 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003-ஆம் ஆண்டுத் திருத்தமும் தடை செய்கின்றன. இது புட்டிக்கான விளம்பரம் அல்ல என்றாலும், ஒரு கடையின் ஆதரவில் வெளிவரும் காணொளியில் அது அழகுப் பொருளாகத் தெரிவது சரியன்று என்று சொன்னதும் எடுத்துவிட்டார்கள்.

தூளிக்கு அவர்கள் கொண்டுவந்த பட்டுத் துணி முடிச்சில் நழுவியது. இதைக் கண்டுபிடித்தவர் பாட்டி. ‘பட்டு வழுக்கும் தம்பி, புள்ளையைப் போடாதீங்க’ என்று சொல்லி, அந்த வீட்டில் மூன்று பிள்ளைகளைத் தாங்கிய பழைய நூல் புடவையை எடுத்துவந்து உத்தரத்தில் தாமே கட்டினார். குழந்தையின் முகம் எந்நேரமும் தெரியும்படி துணியின் வாய் அகலமாக விரிக்கப்பட்டது. பாட்டின் வேகத்துக்கு ஏற்பத் தூளியை வீசி ஆட்ட வேண்டிய காட்சிகளில் துணியால் சுற்றிய பொம்மையே உள்ளே இருந்தது.

அழும் காட்சி

பாடல் குழந்தையின் அழுகையோடு தொடங்க வேண்டும். முற்பகலில் குழந்தை தூங்கி எழுந்த நேரத்தில், பால் கொடுப்பதைச் சற்றுத் தள்ளிவைத்தால் அழுகை தானாக வரும் என்று குழுவில் ஒருவர் சொன்னார். அவர் பொல்லாதவர் அல்லர். வேறு தளங்களில் அப்படி நடப்பதைப் பார்த்துப் பழகியவர். தாய் எதுவும் சொல்லவில்லை. அவருடைய கை மட்டும் குழந்தையை இறுக்கிக்கொண்டதைக் கண்டேன். நான் ‘வேண்டாம்’ என்றேன். ஒப்பந்தப்படி காரணம் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொன்னேன். பசியை வேண்டுமென்றே நீட்டுவது குழந்தையைத் துன்புறுத்துவது. முற்றிய பசியில் அழும் குழந்தை காற்றை விழுங்கும், மார்பைப் பிடிக்க மறுக்கும், குடித்தாலும் கக்கும். அன்றைய பொழுது முழுவதும் தேறாது.

ஒலிப்பதிவாளர் வழி காட்டினார். சட்டை மாற்றும்போது தலைவழியாகத் துணி இறங்குகையில் இக்குழந்தை வழக்கமாகச் சிணுங்கி அழும் என்று தாய் சொல்லியிருந்தார். எப்படியும் துணி மாற்ற வேண்டிய நேரம் வந்தபோது அவர் மைக்கைத் தொலைவில் நிறுத்திப் பதிவு செய்தார். நொடிகளில் அடங்கிய அழுகைதான். தொகுப்பில் அதை நீட்டிக்கொண்டார்கள். படத்தில் குழந்தையின் உதைக்கும் கால்கள் மட்டும் தெரிகின்றன.

பிற்பகல்: படித்துறை

நண்பகலில் குழந்தை நன்றாகத் தூங்கியது. மாலை நான்கு மணிக்குமேல் படித்துறைக் காட்சி. விதியின் கணக்கில் ஐந்து மணி நேரம் இன்னும் நிறையவில்லை. ஆனால் ஆடிக்காற்று புழுதியை வாரிக்கொண்டு வீசியது. ஆற்றுநீர் ஏறியிருந்த கீழ்ப்படிகள் பாசி படிந்து வழுக்கின. குழந்தை எழுந்ததிலிருந்தே முகம் கொடுக்காமல் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. ‘அஞ்சு நிமிஷம்தான்க்கா, வெளிச்சம் போயிடும்’ என்றார் இயக்குநர். ‘இவ்வளவு தூரம் வந்து கஷ்டப்படறாங்க, ஒரு தடவை காட்டிட்டு வந்துடேம்மா’ என்றார் மாமியார். தாய் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார். வாசல் தாண்டும் முன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

‘போதும்’ என்று நான் சொன்னேன். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. இயக்குநர் முகம் சிவந்து, இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே என்றார். அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. ஆறு ஏறியிருப்பதைக் காலையிலேயே எல்லாரும் பார்த்திருந்தோம். ஆனாலும் ஈரப் படியில் குழந்தையோடு ஒருவர் இறங்குவதை அந்த நியாயம் பாதுகாப்பாக்கிவிடாது. ஒளிப்பதிவாளர், துண்டைச் சுருட்டிக் குழந்தையின் தொப்பியை அதன்மேல் வைத்து, நடிகையின் தோளில் சாய்த்து, பின்புறமிருந்து மேல்படியிலேயே எடுத்துக்கொடுத்தார். பாடலைப் பார்த்தவர்கள் எவரும் அதை வேறாக உணர்ந்ததாகத் தெரியவில்லை.

பின் நடந்தவை

அன்றிரவு பாட்டி திருஷ்டி சுற்றிப் போட்டார். குழந்தை வழக்கத்தைவிட அடிக்கடி விழித்துப் பால் கேட்டது. அடுத்த இரண்டு இரவுகளிலும் தாயை விட்டு இறங்க மறுத்தது. கழுத்து மடிப்பில் வேர்க்குரு வந்து தானாக மறைந்தது. காய்ச்சலோ சளியோ இல்லை. ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது.

கைபேசியில் படம் எடுக்கக் கூடாது என்று குழுவிடம் சொல்லியிருந்தோம். அவர்கள் அதை மீறவில்லை. உறவினர் ஒருவர் எடுத்த காட்சி அன்றே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், குழந்தையின் பெயரோடும் ஊரின் பெயரோடும் வந்துவிட்டது. தாய் தொலைபேசியில் கேட்டபின் நீக்கினார். அதற்குள் எத்தனை பேர் கைக்குப் போயிற்று என்று அறிய வழியில்லை.

பேசிய தொகை 15,000 ரூபாய். அதில் 3,000 ரூபாயைக் குழந்தையின் பெயரில் வைப்பாக இட வேண்டும். குழந்தைக்குக் கணக்கு இல்லாததால் பிறப்புச் சான்றிதழோடு தாய் வங்கிக்கு அலைய வேண்டியிருந்தது. பணம் தாமதமாகவே வைப்பானது. தயாரிப்பாளர் இரசீதைப் பெறும் வரை விடாமல் விசாரித்துக்கொண்டிருந்தார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

மாற்ற வேண்டியவை

குழந்தையின் காட்சிகளை ஒரே நாளில் காலை, மாலை என்று பிரிப்பதைவிட, இரண்டு காலைப் பொழுதுகளில் எடுப்பதே சரி. ஐந்து மணி நேரம் என்பது 14 வயதுக்கு உட்பட்ட எல்லாருக்கும் பொதுவான மேல்வரம்பு. கைக்குழந்தைக்கு அது மிக அதிகம். அந்த நாளில் பயன்பட்ட காட்சிகள் எல்லாமே முற்பகலில் எடுத்தவை. நடிகை ஒரு நாள் முன்னதாகவே வந்து, கேமரா இல்லாமல் குழந்தையோடு பழகியிருந்தால் காலையின் அழுகையும் நேர்ந்திராது. வங்கிக் கணக்கு, ஒப்பந்தத்தில் கையெழுத்து இடும் முன்பே தொடங்கப்பட வேண்டும். கைபேசிக் கட்டுப்பாட்டை உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் சேர்த்தே சொல்ல வேண்டும். வீட்டாரை விட்டுவிட்டு வந்தவர்களை மட்டும் கட்டுப்படுத்துவதில் பயனில்லை.

நிறுத்தும் உரிமை ஒப்பந்தத் தாளில் இருந்தது. ஆனால் அதைப் படித்தவர்கள் தயாரிப்பாளரும் இயக்குநரும் மட்டுமே. முதல் காட்சிக்கு முன் குழுவினர் அனைவரையும், முக்கியமாக வீட்டுப் பெரியவர்களையும் நிறுத்திவைத்து, இன்னார் சொன்னால் வேலை நிற்கும் என்று இயக்குநரே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லியிருந்தால் மாலையில் மாமியார் மருமகளை வற்புறுத்தும் நிலை வந்திராது. அவருக்கும் அது சங்கடமே. அவர் பின்னர் என்னிடம், ‘எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு நர்சம்மா, அவங்க மனசு நோகுமேன்னுதான் சொன்னேன்’ என்றார். துணையாகச் செவிலியரோ வேறு ஒருவரோ இல்லாத வீடுகளில் அந்த உரிமையைத் தாய்க்கும், அவரோடு பாட்டிக்கும் பெயர் சொல்லி அளிப்பது பொருத்தமாக இருக்கும் என்று இதன் பிறகு கருதுகிறேன்.

பாடல் வெளிவந்த பின் மற்றொரு நிறுவனம் ஒரு விளம்பரத்துக்குக் குழந்தையைக் கேட்டது. அவர்கள் குறித்த நாள் தட்டம்மை ஊசி போட வேண்டிய வாரத்தில் இருந்ததால் தாய் மறுத்தார். நாளை மாற்றுவதாகச் சொன்னார்கள். இரண்டு காலைப் பொழுதுகள், முன்னதாக ஒரு நாள் பழக்கம், குழுவின் முன் வாய்விட்டு அறிவிக்கப்படும் நிறுத்தும் உரிமை ஆகியவற்றை எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர்களிடமிருந்து மறுமொழி இன்னும் வரவில்லை.